முனையா, மணல் நீட்சியா?

பேத்திக்குப் பூகோளம் கற்பிக்கத் துணியும் தாத்தாக்களின் கதி என்னவாகும் என்பதைச் சென்ற தை மாதம் தனுஷ்கோடியில் தெரிந்து கொண்டோம்.

அரிச்சல்முனையில் வண்டியை விட்டு இறங்கியதும், "இதுவும் கன்னியாகுமரி மாதிரி ஒரு முனைதானே, தாத்தா?" என்றாள் குழந்தை. பெயரிலேயே முனை இருக்கும்போது சந்தேகமென்ன? "ஆமாம்" என்று கம்பீரமாகச் சொல்லி வைத்தோம். அருகே வலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, குமரியில காலுக்குக் கீழே பாறை. இங்கே குச்சியால குத்திப் பாருங்க" என்றார்.

குத்தினோம். குச்சி தடையின்றி இறங்கிற்று. நமது கௌரவமும் அதனுடன் இறங்கிற்று.

வாஸ்தவத்தில் பேதம் அதுதான். முனை என்பது நிலத்தின் எலும்பு. மெலிந்த இடங்களையெல்லாம் கடல் அரித்துத் தின்றபின், கடிக்க முடியாமல் விட்டு வைத்த கடும்பாறை. மணல் நீட்சியோ கடலே கொண்டுவந்து போட்டது. அலை கரையைச் சாய்வாக மோதும்போது மணல் கரையோரமாகவே நகர்ந்து செல்லுகிறது. கரை திடீரென்று உள்வளையும் இடத்தில், மணல் வளையாமல் நேரே போய்ப் படிகிறது. ஒரு நுனி நிலத்தை ஒட்டியிருக்கும். மறுநுனி கடலில் நிற்கும். அந்த நுனி வளர்ந்து எதிர்க்கரையையும் தொட்டுவிட்டால் அது தடுப்பு. உள்ளே அகப்பட்ட நீர் காயல். நிலத்தை எங்கும் ஒட்டாமல் கரைக்கு இணையாகக் கிடந்தால் தடுப்புத் தீவு. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா அவ்வகை. இராமேசுவரத் தீவிலேயே பாம்பன் பக்கம் பவளப்பாறை கரையில் தலைகாட்டுகிறது. கிழக்கே நீண்ட இந்த வால் மட்டும் மணல். வாலுக்கு வடக்கே அமைதியான பெண் கடல், தெற்கே சீறும் ஆண் கடல் என்பது இங்குள்ளோர் வழக்கு.

இந்த வாலின்மேல்தான் ரயில் நிலையம், தபாலாபீஸ், மாதா கோவில் எல்லாம் எழும்பின. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பலும் இங்கிருந்தே போயிற்று. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில் வண்டியைப் பிரயாணிகளோடு கடல் கொண்டு போயிற்று. ஊரும் போயிற்று.

"அப்ப எனக்கு ஏழு வயசு. அப்பா தோள்ல தூக்கிக்கிட்டு மணல் மேட்டுல ஏறினாரு. அம்மாவும் தங்கச்சியும் பின்னால வந்தாங்க" என்றார் முதியவர். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை.

குழந்தை தன் நோட்டுப் புத்தகத்தில் 'முனை' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் ஏன் இன்னமும் இங்கேயே குடிசை போட்டிருக்கிறீர்கள், தாத்தா?" என்று அவரைக் கேட்டாள்.

"மீன் இங்கேதானே இருக்கு, பாப்பா" என்று சொல்லி அவர் மறுபடி வலையை எடுத்துக் கொண்டார்.