திண்ணைக்கு என்ன விலை?

அடமானக் கடன் வாங்கியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். வீட்டைப் பார்க்க வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் டேப் பிடித்து அளப்பார், நாலு போட்டோ எடுப்பார், ரெண்டு நாளில் அறிக்கை வந்துவிடும். அதில் ரெண்டு எண்கள் முக்கியம். ஒன்று நிலத்தின் விலை. இன்னொன்று கட்டடத்தின் விலை, வருஷக் கணக்குப்படி தேய்மானம் கழித்தது. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, கட்டடத்துக்கு உண்டு. பி.காம். முதல் வருஷத்துப் பாடம் இது. ஆக, நூறு வருஷத்து ஓட்டு வீடு என்றால் கட்டடத்தின் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். உத்தரமும் ஓடும் பிரித்து விற்றால் என்ன கிடைக்கும் என்பது மட்டும்தான் மிச்சம்.

ஊரில் வேலை பார்த்த காலத்தில் இப்படி எத்தனையோ அறிக்கைகள் என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கின்றன. கணக்கில் தப்பு சொல்ல முடியாது. கடன் திரும்பி வராவிட்டால் வங்கி விற்கப்போவது மனையைத்தான், திண்ணையை இல்லை. ஆனால் இதே எண்ணைத்தான் வாரிசுகளும் பார்க்கிறார்கள், புரமோட்டரும் பார்க்கிறார். பழைய தெருக்கள் காலியாவதற்கு இந்த எண் ஒரு பெரிய காரணம்.

எதற்கு இந்தப் பீடிகை என்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருவனந்தபுரம். "மலையாளத்துக்காரரா?" என்று இங்கே டொரொன்டோவில் கேட்காத ஆளில்லை. பத்மநாபசாமி கோயிலைச் சுற்றிக் கோட்டைக்குள்ளும், வலியசாலையிலும், கரமனையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் தெருக்கள் உண்டு என்று ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கிறது. சாலை கடைத்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கியது. கிழக்கே கோட்டையில் ஆரம்பித்து கிள்ளிப்பாலம் வரை போகும். நாஞ்சில் நாட்டு நெல்லும், பாண்டி நாட்டுச் சரக்கும் வந்து இறங்கிய இடம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் அப்போதைய சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. மாநில எல்லை நடுவில் வந்தது, கடைத்தெரு மட்டும் ரெண்டு மொழியிலும் பேரம் பேசிக்கொண்டே இருந்தது. வலியசாலைக்கு இன்னும் பழைய பெருமை உண்டு. ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை அங்கேதான் இருந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. காந்தளூர் மகாதேவர் கோயில் இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

வலியசாலையில் எங்கள் தாத்தா வீடு ஒன்று உண்டு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணறு என்று ரயில் பெட்டி மாதிரி நீளும். ரெண்டு பக்கமும் பொதுச்சுவர். பெரியப்பா மகன் பெங்களூரில், அத்தை மகள் மஸ்கட்டில், தம்பி சென்னையில், நான் இங்கே. நாலு பேருக்கும் பாகம் பிரிக்காத சொத்து. ஒரு புரமோட்டர் நல்ல விலை சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டாராம். "யார் போய் அங்கே இருக்கப்போறா அண்ணா? மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை ஓடு மாத்தணும். யார் பாக்கறது?" என்று தம்பி கேட்கிறான். நியாயமான கேள்விதான். என்னிடமும் பதில் இல்லை.

இந்த யோசனையில் இருக்கும்போதுதான், பழைய தெருக்களுக்காக மல்லுக்கு நின்ற மனிதர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் ஊரிலேயே 2016-இல் ஒன்று நடந்தது. பத்மதீர்த்தக் குளத்தைச் சீரமைக்கிறோம் என்று ஆரம்பித்து, கரையில் இருந்த கல்மண்டபத்தையே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்து அசுவதி திருநாள் கௌரி லட்சுமிபாய் அம்மா நேரில் வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். வேலை நின்றது. அரச குடும்பத்து அம்மையார் வந்து நின்றால் கேமராவும் வரும், அதிகாரியும் வருவார். ஆனால் வலியசாலை திண்ணைக்கு யார் வந்து நிற்பார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் சென்னை எஸ். முத்தையாவிடம்தான் போக வேண்டும். 1930-இல் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்தவர். வேலை பார்த்ததோ கொழும்பில், 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' பத்திரிகையில், பதினேழு வருஷம். குடியுரிமைச் சிக்கலால் 1968-இல் இலங்கையை விட்டுச் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 38. அதாவது, அவரே நம்மைப் போல ஊர் மாறி வந்தவர்தான் சார். உள்ளூர்க்காரர்கள் தினமும் கடந்து போகிற கட்டடத்தை, புதிதாக வந்தவர் நின்று பார்த்தார். 1981-இல் சென்னையைப் பற்றிய அவருடைய முதல் பெரிய புத்தகம் வந்தது. பதிப்புக்குப் பதிப்பு அது பெருத்துக்கொண்டே போனது. 1991-இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கினார். சில தொழில் நிறுவனங்களின் ஆதரவில் அது நடந்தது. 1999 முதல் 2019-இல் கண் மூடும்வரை 'தி ஹிந்து'வில் வாராவாரம் பத்தி எழுதினார்.

அவர் செய்தது என்ன? கட்டடத்துக்குப் பெயரும் கதையும் கொடுத்தார். "அந்தப் பழைய பில்டிங்" என்று இருக்கும்வரை அதை இடிப்பது சுலபம். யார் கட்டியது, எதற்குக் கட்டியது, யார் அங்கே இருந்தார்கள் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் இடிக்கிறவருக்குக் கை கொஞ்சம் தயங்கும். 2004-இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து ஆகஸ்ட் 22-ஐ மெட்ராஸ் தினமாகக் கொண்டாட ஆரம்பித்தார்கள். தெருத்தெருவாக நடைப் பயணம், பள்ளிக்கூடத்தில் பேச்சு, பழைய போட்டோ கண்காட்சி. யாரும் உத்தரவு போடாமலே அது வளர்ந்தது.

கோர்ட் வழியும் இருந்தது. மெரினா எதிரே உள்ள காவல்துறைத் தலைமையகம் 1839-இல் மேசானிக் சங்கத்துக்காகக் கட்டப்பட்டது. தொண்ணூறுகளில் அதை இடிக்க அரசு நினைத்தபோது இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. கட்டடம் பிழைத்து, பழுது பார்க்கப்பட்டு, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897-இல் திறந்தது. 2006-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். மறுபடி இன்டாக், மறுபடி வழக்கு. 2010-இல் இடிக்கக்கூடாது என்று தீர்ப்பு. ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் வருஷக்கணக்கில் அது பாழடைந்தே கிடந்தது. சட்டம் கடப்பாரையைத் தடுக்கும், கூரையில் முளைத்த அரசமரத்தைப் பிடுங்காது.

தமிழ்நாட்டு மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 2024-இல். பன்னிரண்டு வருஷம்! அதுவரை தெரு காத்திருக்குமா?

ஒரு தற்செயல் ஒற்றுமை பாருங்கள். முத்தையா கொழும்பிலிருந்து சென்னை வந்த அதே 1968-இல் நியூயார்க்கிலிருந்து ஒரு பெண்மணி இந்த டொரொன்டோவுக்குக் குடிவந்தார். ஜேன் ஜேகப்ஸ். நகரமைப்பில் பட்டம் எதுவும் கிடையாது. பத்திரிகையில் எழுதியவர். நியூயார்க்கில் ஒரு விரைவுச்சாலைத் திட்டத்தை எதிர்த்தவர், இங்கே வந்ததும் அதே போலொன்று காத்திருந்தது. ஸ்பாடைனா விரைவுச்சாலை. அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து போராடினார், 1971-இல் மாகாண அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இன்றைக்கு சப்வேயில் ஸ்பாடைனா ஸ்டேஷனில் இறங்கி, மர நிழலில் பிள்ளைகளோடு நடக்கிறோமே, அந்தத் தெருக்கள் மிஞ்சியதில் அவருக்கும் பங்குண்டு. "பழைய கட்டடம் ஏன் வேண்டும்?" என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் என்னைப் போன்ற வங்கிக்காரனுக்கு உடனே புரிந்தது. புதுக் கட்டடத்துக்கு வாடகை அதிகம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவன் அதைக் கொடுக்க முடியாது. பழைய கட்டடங்கள் போனால் சின்னக் கடைக்காரனும் சேர்ந்து போவான்.

சாலை கடைத்தெருவுக்கு இது அப்படியே பொருந்தும். அங்கே கடை வைத்திருந்த ஆ. மாதவன்தான் 'கடைத்தெருக் கதைகள்' எழுதினார், 2015-இல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றார், 2021-இல் காலமானார். சின்னக் கடையும் சுமை தூக்குகிறவரும் இல்லாத ஒரு மாலில் அந்தக் கதைகள் பிறந்திருக்குமா? நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுர'மும் இதே ஊரின் தெருக்களில் நடப்பதுதான்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். இந்தப் போராட்டங்களில் எதிராளி பெரும்பாலும் அரசு அல்லது ஒரு பெரிய நிறுவனம். நம் தெருக்களில் அப்படி இல்லை. நம் தெருவில் எதிராளி நாம்தான். அந்தக் கதவுகளின் பத்திரம் டொரொன்டோவிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் பீரோவுக்குள் இருக்கிறது. எந்த ஆர்வலர் வந்து திண்ணையில் உட்கார்ந்தாலும், கடைசிக் கையெழுத்து நம்முடையது.

விற்காதீர்கள் என்று யாருக்கும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், பெற்றோரின் மருத்துவச் செலவு, பாகஸ்தர்களின் அவசரம் எல்லாம் நிஜம். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் நாலு காரியம் செய்யலாம்.

ஒன்று, வீட்டை அளந்து ஒரு வரைபடம் போட்டு வையுங்கள். உள்ளூர் கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

ரெண்டு, பொதுச்சுவர். வரிசை வீட்டில் ஒன்றை இடித்தால் பக்கத்து வீட்டு உத்தரம் அந்தரத்தில் நிற்கும். அந்தச் செலவு புரமோட்டரின் விலையில் சேராது. பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

மூன்று, விற்பதும் பூட்டிப் போடுவதும் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். நீண்ட குத்தகைக்கு விடலாம், முன்கட்டைக் கடைக்கோ அலுவலகத்துக்கோ கொடுக்கலாம். வருகிற வாடகை ஓடு மாற்றப் போதும் என்றாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நாலு, வீட்டின் கதையை எழுதி வையுங்கள். யார் கட்டினார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், கூடத்தில் யார் கல்யாணம் நடந்தது. முத்தையா ஒரு நகரத்துக்குச் செய்ததை நாம் ஒரு வீட்டுக்குச் செய்யலாம்.

எங்கள் நாலு பேரில் இப்போதைக்கு ரெண்டு பேர் விற்க, ரெண்டு பேர் வேண்டாம். மூன்றாவது யோசனைக்கு ஒரு வருஷம் தவணை கேட்டிருக்கிறேன். ஓடு மாற்றும் செலவு என் கணக்கில். தம்பி சிரித்தான், ஆனால் சரி என்றான்.

நம்மில் பலருக்கு ஊரில் இப்படி ஒரு பூட்டிய கதவு இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் செய்யும்போது, அந்தக் கூரை ஒழுகுகிறதா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.