பச்சை வலைக்குள் ஒரு சனிக்கிழமை

ஜப்பானுக்குப் போய் வந்தேன் என்றதும், "பியூஜி மலையைப் பார்த்தீர்களா?" என்றுதான் கேட்பீர்கள். தூரத்தில் பார்த்தேன். ஆனால் உங்களுக்குச் சொல்ல நினைப்பது வேறோர் இடத்தைப் பற்றி.

என் மகன் சிபா மாவட்டத்தில் பாவித்த வாகனங்களை ஏற்றுமதி செய்யும் இடமொன்றில் வேலை செய்கிறான். நரிட்டா விமான நிலையத்திலிருந்து அவனுடைய வீட்டுக்குப் போகும் வழியில், வீடுகளுக்கு நடுவே பென்னம்பெரிய பச்சை வலைக்கூடு ஒன்று தெரிந்தது. இரும்புத் தூண்கள் தென்னை மரத்தை விட உயரம்.

"இது என்ன மகன், கோழிப் பண்ணையா?"

விழுந்து விழுந்து சிரித்தான். "கோல்ப் அடித்துப் பழகும் இடம் உம்மா. சனிக்கிழமை கூட்டிப் போகிறேன்."

கோல்ப் என்றால் நமக்கு நுவரெலியாவில் பாதையோரம் நின்று பார்க்கும் புல்வெளிதான். பெரிய மனிதர் விளையாட்டு. ஜப்பானிலும் புல்வெளியில் ஆடப் பணமும் ஒரு முழு நாளும் வேண்டும். 1957இல் டோக்கியோவுக்கு அருகே நடந்த கனடா கிண்ணப் போட்டியில் ஜப்பான் வென்ற பிறகு, சாதாரண மக்களுக்கும் இந்த ஆசை பிடித்துக்கொண்டது. நிலமோ குறைவு. ஆகவே வலை கட்டி, மாடி மேல் மாடியாக நின்று அடிக்கிறார்கள். வலைக்கும் ஆபத்து உண்டு. 2019 செப்டெம்பர் புயலில், இதே மாவட்டத்து இச்சிஹாரா நகரில் இத்தகைய தூண்கள் பக்கத்து வீடுகளின் மேல் சாய்ந்து விழுந்தன.

சனிக்கிழமை இரவு போனோம். ஆளுக்கொரு தடுப்பு, ஒரு பச்சை விரிப்பு. அட்டையைச் செருகினால் விரிப்பிலுள்ள துளையால் பந்து தானாக எழும்பி வருகிறது. அடித்தால் அடுத்தது வரும். குனிய வேண்டாம், போன பந்தைத் தேடி ஓடவும் வேண்டாம். இந்த இடத்தை ஜப்பானியர் 'உச்சிப்பனாஷி' என்கிறார்கள். அடித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது என்று பொருளாம்.

பக்கத்துத் தடுப்பில் என் உம்மாவின் வயதில் ஒரு பெண்மணி. எனக்குத் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு அடிக்கத் தொடங்கினார். 1977இல் அமெரிக்காவின் பெரிய பட்டமொன்றை வென்ற ஹிகுச்சி ஹிசாகோவும் ஜப்பானியப் பெண்தான் என்றான் மகன்.

"நீங்களும் அடியுங்கள் உம்மா."

முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் வலைப் பக்கமே பார்த்து நிற்பதால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முதல் அடி காற்றில் போனது. இரண்டாவது, பந்து உருண்டது. எத்தனையாவதோ தெரியாது, ஒன்று 'டக்' என்று எழும்பி விளக்கு வெளிச்சத்தில் பறந்தது. நான் சிறுபிள்ளை போல் கத்திவிட்டேன்.

பிறகு மகன் அடித்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பந்து பந்தாக, அரை மணித்தியாலம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "வந்த முதல் வருஷம் கதைக்க ஆளில்லை உம்மா. ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கேதான் வருவேன்."

அந்த வருஷம் முழுக்கத் தொலைபேசியில் "சுகம்தான் உம்மா" என்றுதான் சொன்னான். நானும் சாப்பாட்டைக் கேட்டேன், சம்பளத்தைக் கேட்டேன். சனிக்கிழமை இரவில் என்ன செய்கிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

சகோதரிகளே, தூர தேசத்தில் பிள்ளை இருந்தால், அங்கே போகும்போது கடைகளையும் மலைகளையும் பாருங்கள். அதற்கு முன், வேலை முடிந்து தனியாகிவிட்டால் எங்கே போவாய் என்று கேட்டு, அந்த இடத்துக்கு ஒரு தடவை கூடப் போய் வாருங்கள்.