இணையத்தில் சி.சி.என்.ஏ: பன்னிரண்டு வார நாட்குறிப்பு

முதல் வாரம், திங்கள்

சி.சி.என்.ஏ, சிஸ்கோ நிறுவனம் 1998 முதல் வழங்கிவரும் நெட்வொர்க் சான்றிதழ். இப்போதைய தேர்வின் எண் 200-301. 2020 பிப்ரவரி 24 அன்று இது நடைமுறைக்கு வந்தது. அதுவரை ரூட்டிங், செக்யூரிட்டி, வயர்லெஸ் என்று பிரிந்து கிடந்த சி.சி.என்.ஏ-க்கள் பலவும் அன்று ஒரே தேர்வாயின. நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 டாலர், வரி தனி. பெற்ற சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும்.

300 டாலர் என்றால் ரூபாய் 25,000-க்குக் குறையாது. கல்லூரி முடித்து முதல் வேலை தேடுகிறவருக்கு இது பெரிய தொகை. தேர்வுக் கட்டணத்தைத் தவிர்க்க வழியில்லை, ஆனால் படிப்புச் செலவை ஏறக்குறைய இல்லாமலே செய்துகொள்ளலாம். தேவையான பாடங்களில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. எது சரியானது, எது காலாவதியானது என்று பிரித்தறிவதில்தான் சிரமம்.

அதனால் முதல் நாள் வேலை பாடம் தேடுவதல்ல. சிஸ்கோவின் தளத்தில் உள்ள தேர்வுத் தலைப்புகள் பக்கத்தை இறக்கி, அச்செடுத்து, மேசைக்கு எதிரே ஒட்டிவைப்பது. அதில் ஆறு பிரிவுகள்: நெட்வொர்க் அடிப்படை 20 விழுக்காடு, நெட்வொர்க் அணுகல் 20, ஐ.பி இணைப்பு 25, ஐ.பி சேவைகள் 10, பாதுகாப்பு அடிப்படை 15, தானியக்கமும் நிரலாக்கமும் 10. இனிக் கண்ணில் படும் எந்த வீடியோவையும், புத்தகத்தையும், பயிற்சித் தேர்வையும் இந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம், வியாழன்

தேர்வு எண்ணுக்குப் பக்கத்தில் பதிப்பு எண் ஒன்று சிறிதாக இருக்கும். பலர் அதைக் கவனிப்பதில்லை. 2024 ஆகஸ்ட் முதல் 200-301 தேர்வு 1.1 என்ற பதிப்பில் நடக்கிறது. எண் மாறவில்லை, பாடம் கொஞ்சம் மாறியது. செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் நெட்வொர்க் நிர்வாகத்தில் எப்படிப் பயன்படுகின்றன என்பது சேர்ந்தது. தானியக்கக் கருவிகளில் டெர்ராஃபார்ம் உள்ளே வந்தது, பப்பெட்டும் செஃபும் வெளியே போயின.

2020-க்கு முன் பதிவான பாடங்களில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. ஆர்.ஐ.பி, இ.ஐ.ஜி.ஆர்.பி ஆகிய ரூட்டிங் நெறிமுறைகளை மணிக்கணக்கில் விளக்கும் பழைய வீடியோக்கள் தேடலில் இன்றும் முன்னால் வந்து நிற்கின்றன. லட்சக்கணக்கானோர் பார்த்ததால் அவை மேலே இருக்கின்றன. ஆனால் இன்றைய பட்டியல் கேட்பது ஓ.எஸ்.பி.எஃப், அதுவும் ஒரே ஏரியா அளவில்தான். பார்த்தவர் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பதிவேறிய ஆண்டையும் தேர்வு எண்ணையும் முதலில் பார்ப்பது பல வார உழைப்பை மிச்சமாக்கும்.

இரண்டாம் வாரம், செவ்வாய்

அடுத்த இடம், தேர்வை நடத்துகிறவர்களின் சொந்தப் பாடசாலை. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி 1997-இல் தொடங்கியது. அதன் சி.சி.என்.ஏ பாடத்திட்டம் மூன்று பகுதிகள் கொண்டது. அகாடமியோடு இணைந்த கல்லூரிகளில் ஆசிரியரை வைத்து அதை நடத்துகிறார்கள். தனியாகப் படிக்கிறவருக்கும் நெட்வொர்க் அடிப்படைகள் போன்ற சில பாடங்கள் கட்டணமில்லாமல் திறந்திருக்கின்றன. அங்கே பதிவு செய்துகொள்ள அதைவிடப் பெரிய காரணம் பேக்கெட் டிரேசர். ரூட்டர், ஸ்விட்ச், கணினி எல்லாவற்றையும் திரையிலேயே இணைத்துப் பார்க்க உதவும் இந்த மென்பொருள், பதிவு செய்தவர்களுக்கு இலவசம்.

இரண்டாம் வாரம், சனி

வீடியோப் பாடங்களில் இன்று மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுவது யூடியூபில் உள்ள ‘ஜெரமிஸ் ஐ.டி லேப்’ தொடர். முழுப் பாடத்திட்டமும் இலவசம். ஒவ்வொரு நாள் பாடத்துக்கும் ஒரு விளக்க வீடியோ, செய்து பார்க்க ஒரு பேக்கெட் டிரேசர் லேப், மறக்காமல் இருக்க ஆங்கி மென்பொருளில் ஃபிளாஷ் கார்டுகள் என்று மூன்றும் சேர்ந்தே கிடைக்கின்றன. இந்தச் சேர்க்கைதான் அதன் பலம். வீடியோவை மட்டும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே போனால் எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், பத்து நாள் கழித்துக் கேட்டால் பாதி நினைவில் இருக்காது. ஆங்கி ஒவ்வொரு கார்டையும் மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பக் கொண்டுவருகிறது. நாள்தோறும் இருபது நிமிடம் அதற்கென்று ஒதுக்குவது கட்டாயம். ஒரு வாரம் விட்டுவிட்டால் கார்டுகள் நூற்றுக்கணக்கில் குவிந்து, திறக்கவே மனம் வராது.

தமிழில் படித்துப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் வழி உண்டு. மும்பை ஐ.ஐ.டி-யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், லினக்ஸ், பைத்தான், லிப்ரே ஆஃபீஸ் போன்றவற்றைச் சிறு சிறு வீடியோக்களாகத் தமிழ்க் குரலிலும் தருகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்து நிமிடம். பார்க்கும்போதே பக்கத்து ஜன்னலில் செய்து பார்க்கும் வகையில் அமைந்தவை. தானியக்கப் பிரிவுக்குக் கொஞ்சம் பைத்தான் தெரிந்திருப்பது நல்லது, அதற்கு இவை போதும். சென்னை ஐ.ஐ.டி ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல் தளத்தில் கணினி நெட்வொர்க் குறித்த பல்கலைக்கழகத் தரப் பாடங்கள் இருக்கின்றன. படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் கட்டணம் செலுத்தி நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். அவை சி.சி.என்.ஏ-வுக்கு நேரடித் தயாரிப்பு அல்ல. ஆனால் டி.சி.பி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்ற ஆழமான கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைக்கும்.

தேர்வோ தமிழில் இல்லை. ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும்தான் நடக்கிறது. எனவே கருத்தைத் தமிழில் வாங்கிக்கொண்டாலும், கலைச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவது முதல் வாரத்திலிருந்தே நடக்க வேண்டும்.

மூன்றாம் வாரம், ஞாயிறு

இன்று முழுவதும் லேப். பேக்கெட் டிரேசரில் நடுவில் ஒரு ரூட்டர், இருபுறமும் ஒவ்வொரு ஸ்விட்ச், ஸ்விட்சுக்கு ஒன்றாக இரண்டு கணினிகள். இடப்புறக் கணினிக்கு 192.168.10.10, வலப்புறத்துக்கு 192.168.20.10. கேபிளைப் பொருத்தியதும் கணினிக்கும் ஸ்விட்சுக்கும் இடையில் ஸ்விட்ச் பக்கத்து விளக்கு ஆரஞ்சாக எரிகிறது. அரை நிமிடம் கழித்துத் தானாகப் பச்சையாகிறது. ரூட்டர் பக்கம் சிவப்பு மாறுவதே இல்லை. ஐ.பி முகவரி கொடுத்தாலும் சிவப்புதான். ‘நோ ஷட்டவுன்’ என்று கட்டளை தட்டிய பிறகே பச்சை வருகிறது.

பிறகு ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு, இணைப்பைச் சோதிக்கும் பிங். முதல் வரியில் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று தோல்வி. அடுத்த மூன்று வரிகளில் பதில் வந்துவிடுகிறது. மறுபடி பிங் செய்தால் நான்குமே வெற்றி.

இந்தச் சின்ன லேபுக்குள் மூன்று அத்தியாயங்கள் இருக்கின்றன. ஆரஞ்சு விளக்கு, ஸ்பானிங் ட்ரீயின் வேலை: இணைப்பு சுழலாகிவிடாதபடி ஸ்விட்ச் முதல் 15 நொடி கேட்டும் அடுத்த 15 நொடி கற்றும் பார்த்த பிறகே போர்ட்டைத் திறக்கிறது. ரூட்டரின் போர்ட்டுகள் இயல்பாகவே மூடி வைக்கப்பட்டவை, நிர்வாகி சொன்னால்தான் திறக்கும். முதல் பிங் விழுந்ததற்கு ஏ.ஆர்.பி காரணம்: ஐ.பி முகவரி தெரிந்தும் எதிராளியின் வன்பொருள் முகவரி தெரியாததால், அதை விசாரித்து முடிப்பதற்குள் முதல் பொட்டலம் கைவிடப்படுகிறது. இவற்றைப் புத்தகத்தில் படித்தவர் மறக்கலாம். அரை நிமிடம் ஆரஞ்சு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவர் மறக்கமாட்டார். சான்றிதழுக்குப் படிப்பதில் லேப்தான் உயிர். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைக்கிறது என்றால் மூன்று மணி நேரத்தை இதற்கே கொடுக்கலாம்.

பேக்கெட் டிரேசர் ஒரு மாதிரிதான், எல்லாக் கட்டளையும் அதில் ஓடாது. அசல் இயங்குதளத்தோடு பழக விரும்பினால் சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்பு ஐந்து கருவிகள் வரை அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு நல்ல நினைவகம் உள்ள கணினி வேண்டும். சாதாரண மடிக்கணினி வைத்திருப்பவருக்கு, இந்தத் தேர்வைப் பொறுத்தவரை பேக்கெட் டிரேசரே போதும்.

ஐந்தாம் வாரம், புதன்

சப்நெட்டிங். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, அதனால் கணக்கு கையில் பழக வேண்டும். 192.168.10.70/26 என்று வந்தால்: 26 பிட் நெட்வொர்க்குக்கு, மீதி 6 பிட் கணினிகளுக்கு. ஒரு தொகுதிக்கு 64 முகவரி. 70 என்பது 64-இல் தொடங்கி 127-இல் முடியும் தொகுதியில் விழுகிறது. 64 நெட்வொர்க் முகவரி, 127 பிராட்காஸ்ட், இடையில் 65 முதல் 126 வரை 62 கணினிகளுக்கு. இதை அரை நிமிடத்துக்குள் சொல்ல வர வேண்டும். சப்நெட்டிங் கேள்விகளை மாற்றி மாற்றித் தரும் இலவசத் தளங்கள் பல உண்டு. நாளைக்குப் பத்து கணக்கு, மூன்று வாரம்.

ஆறாம் வாரம், வெள்ளி

காசு கொடுத்து வாங்கத் தக்கது என்ன? முதலில் புத்தகம். வெண்டல் ஓடம் எழுதிய அதிகாரபூர்வ வழிகாட்டி இரண்டு தொகுதி. 1.1 பதிப்புக்கு ஏற்ற இரண்டாம் பதிப்பு 2024-இல் வந்தது. பழைய புத்தகக் கடையில் முதல் பதிப்பு கிடைத்தால் அதையும் ஒதுக்க வேண்டாம், பெரும்பகுதி பாடம் அதேதான். விடுபட்ட தலைப்புகளைச் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துத் தனியாகப் படித்துக்கொள்ளலாம்.

யூடெமி போன்ற தளங்களில் கடைசியாகப் புதுப்பித்த மாதம் பாடத்தின் முகப்பிலேயே தெரியும். விமரிசனங்களில் அண்மையில் வந்தவற்றை மட்டும் படிப்பது நல்லது, ஐந்து ஆண்டுக்கு முந்தைய புகழ்ச்சி இன்றைய பாடத்தைப் பற்றியது அல்ல. அங்கே முழு விலை கொடுத்து வாங்க அவசியமும் இல்லை, தள்ளுபடி அடிக்கடி வரும்.

‘நூறு விழுக்காடு தேர்ச்சி, வேலை நிச்சயம்’ என்று விளம்பரம் செய்து ஆயிரக்கணக்கில் வாங்கும் பயிற்சி மையங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்தத் தேர்வு எண்ணுக்கு, எந்தப் பதிப்புக்கு நடத்துகிறீர்கள்? பதில் தயங்கி வந்தால் அங்கே பணம் கட்டக் கூடாது.

ஏழாம் வாரம், திங்கள்

வேறு சான்றிதழ்களுக்கும் இதே வழி பொருந்தும். மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் அஷூர் பாடங்களும் மாதிரித் தேர்வுகளும் இலவசம். அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ் தேர்வுகளுக்கு ஸ்கில் பில்டர் இருக்கிறது. காம்ப்டியாவின் ஏ பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் எழுதுகிறவர்கள் புரொஃபசர் மெஸரின் இலவச வீடியோக்களிலிருந்து தொடங்குகிறார்கள். எங்கேயும் முதலில் இறக்க வேண்டியது தேர்வுத் தலைப்புப் பட்டியல்தான்.

எட்டாம் வாரம், வியாழன்

இந்த வாரம் எச்சரிக்கைக்கு உரியது. பாதித் தயாரிப்பில் பயம் வரும்போதுதான் ‘டம்ப்’ கண்ணில் படும். டம்ப் என்பது உண்மைத் தேர்விலிருந்து களவாடி வந்த வினா விடைத் தொகுப்பு. கோப்பாகவும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. தேர்வு தொடங்குமுன் ஒவ்வொருவரும் வினாக்களை வெளியிடமாட்டேன் என்று ஒப்புதல் தருகிறார்கள், எனவே டம்ப் ஒவ்வொன்றும் மீறப்பட்ட வாக்குறுதி. கண்டுபிடிக்கப்பட்டால் மதிப்பெண் செல்லாது, பெற்ற சான்றிதழும் போகலாம், மீண்டும் எழுதத் தடையும் வரலாம். அதைவிடப் பெரிய இழப்பு நேர்முகத்தில் நடக்கிறது. வி-லேன் ஏன் வேண்டும் என்று கேட்டுக் கையில் மார்க்கரைக் கொடுத்தால், மனப்பாடம் செய்தவர் பலகை முன்னால் நின்றுவிடுவார். அந்த நிலைமை எந்த இளைஞருக்கும் வரக் கூடாது.

நேர்மையான பயிற்சித் தேர்வை அடையாளம் காண்பது எளிது. அது ‘அசல் வினாக்கள்’ என்று சொல்லிக்கொள்ளாது. சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் விளக்கும். பாசன் நிறுவனத்தின் எக்ஸ்-சிம் இதற்குப் பெயர்பெற்றது. விலை உண்டு, ஆனால் விளக்கங்களே ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம்.

பத்தாம் வாரம், செவ்வாய்

முதல் முழு மாதிரித் தேர்வு. மதிப்பெண்ணைவிடத் தவறுகளின் பட்டியல் முக்கியம். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் நோட்டில் இரண்டு வரி: எந்தத் தலைப்பு, தெரியாததால் தவறியதா, அவசரத்தில் தவறியதா. தெரியாதவை ஒரு பிரிவிலேயே குவிந்திருந்தால், அந்தப் பிரிவின் லேப்களை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். புது வீடியோத் தொடர் தேடிப் போவது இந்த நேரத்தில் கூடாது. இணையத்தில் பாடம் தேடுவதே படிப்பதுபோல் ஒரு நிறைவைத் தந்துவிடும். பத்தாம் வாரத்தில் அது வெறும் தள்ளிப்போடல்.

பதினோராம் வாரம், சனி

தேர்வுக்குப் பதிவு பியர்சன் வியூ வழியாக. தமிழ்நாட்டுப் பெயர்கள் இங்கே சிக்கலுக்கு உள்ளாகும். படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கேட்கும். ஒருவர் பெயரோ பள்ளிச் சான்றிதழில் முன்னால் முதலெழுத்தோடும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்தும், வேறோர் அட்டையில் முதலெழுத்து பின்னால் வந்தும் இருக்கும். தேர்வு நாளில் காட்டப்போகும் அடையாள அட்டை எதுவோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதிய வேண்டும். பொருந்தாவிட்டால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப இடமுண்டு.

வீட்டிலிருந்தும் எழுதலாம். அறையின் நான்கு புறமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மேசையில் ஒரு தாள்கூட இருக்கக் கூடாது, இடையில் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கும் ஊர்களில், கூட்டுக் குடும்ப வீடுகளில், தேர்வு மையத்துக்குப் போய்விடுவதே நிம்மதி.

பன்னிரண்டாம் வாரம், வெள்ளி

தேர்வு. ஒரு வினாவுக்கு விடை தந்து அடுத்ததற்குப் போனால் திரும்ப வர முடியாது. கட்டளை தட்டிச் செய்து காட்ட வேண்டிய லேப் வினாக்களும் வரலாம். அவற்றில் நேரம் கரையும் என்பதால் சப்நெட் கணக்குகளில் மிச்சம் பிடித்த நொடிகள் இங்கே உதவும். தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்று சிஸ்கோ வெளியிடுவதில்லை. பிரிவுவாரியாக எத்தனை விழுக்காடு என்று ஒரு தாள் மட்டும் கிடைக்கும். தவறியவர் ஐந்து நாள் காத்திருந்து மறுபடி எழுதலாம், கட்டணம் மறுபடி முழுதாக. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிய பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த முறை எங்கே உழைக்க வேண்டும் என்று தெரியும்.

தேறியவருக்கு இணையவழி பேட்ஜ் வரும். அதன் இணைப்பைத் தன்விவரக் குறிப்பில் சேர்த்தால், வேலை தருகிறவர் சொடுக்கி உண்மை பார்த்துக்கொள்வார். மூன்று ஆண்டு முடியுமுன் 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தோ, இன்னொரு தேர்வில் தேறியோ சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். முடியும் தேதியைப் பேட்ஜ் வந்த அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுவது நல்லது.