சில மணி நேரத்துக்கு எவ்வளவு வெள்ளி?

கப்பலுக்குள் காசுக்கு வேலையே இல்லை. ஏறும்போதே கையில் ஓர் அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். அறைக்கு அதுதான் சாவி, காப்பிக்கும் ஐஸ்கிரீமுக்கும் அதுதான் பணம். நீட்டிக்கொண்டே இருக்கலாம், கணக்கு பிறகு வரும். இந்தச் சுகத்தில் ஊறிவிட்டுக் கரை இறங்கும்போது எல்லாருக்கும் ஒரு தடுமாற்றம் வரத்தான் செய்கிறது. சிங்கப்பூரில் புறப்பட்ட எங்கள் கப்பல் காலையில் பினாங்கில் போய் நின்றது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். இறங்கும் வரிசையில் முன்னும் பின்னும் கேட்ட பேச்சு, கோட்டையைப் பற்றியும் இல்லை, கோயிலைப் பற்றியும் இல்லை. எவ்வளவு மாற்றுவது, எங்கே மாற்றுவது, இதுதான்.

எங்கள் கூட்டத்தில் இந்த இலாகா அத்தானுடையது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். "தலைக்கு எண்பது வெள்ளி. அதுக்கு மேல ஒரு காசு மாத்தக்கூடாது. மிஞ்சுறதைத் திருப்பி மாத்தினா ரெண்டு தடவை அடி வாங்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ரிங்கிட்டை மலேசியத் தமிழர்கள் வெள்ளி என்பார்கள், அதன் சில்லறையான 'சென்' அவர்களுக்குக் காசு. வந்து இறங்கிய சூட்டில் அத்தானும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டார். நாங்கள் போன சமயத்தில் ஒரு வெள்ளி ஏறக்குறைய இருபது ரூபாய்.

கப்பலின் வரவேற்பு மேசையிலேயே பணம் மாற்றித் தருகிறார்கள். ஆனால் அங்கே விலை எப்போதும் ஒரு படி மட்டம்தான். பினாங்கில் அதற்கு அவசியமும் இல்லை. சுவெட்டன்ஹாம் துறையை விட்டு வெளியே வந்தால் விக்டோரியா மகாராணியின் மணிக்கூண்டு நிற்கிறது. அவர் ஆட்சியின் 60 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா. பாட்டுச் சத்தமும் மல்லிகைப்பூவும் வந்துவிட்டால் பணம் மாற்றும் கடையும் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். நாங்கள் நுழைந்த கடைக்காரரின் பூர்வீகம் கடையநல்லூர்.

அத்தான் முதலில் ரூபாய்க் கட்டைத்தான் எடுத்தார். பலகையில் ரூபாய்க்கு எதிரே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி தாராளமாகப் போகும்.

"அண்ணே, ரூபாய உள்ள வைங்க. சிங்கப்பூர்க் காசு மிச்சம் இருக்கா? அதைக் குடுங்க" என்றார் கடைக்காரர்.

"ஏன் பாய், எங்க ரூபாய் ஆகாதா?"

"ஆகும்ணே. ஆனா இதை வாங்கினா ஊருக்குப் போற ஆள் வர்ற வரைக்கும் பெட்டியில கெடக்கும். சிங்கப்பூர்க் காசு சாயங்காலத்துக்குள்ள கை மாறிடும். அதான் அதுக்கு நல்ல விலை."

வங்கியில் காலம் தள்ளிய அத்தானுக்கே இது சட்டென்று பிடித்துப்போய்விட்டது. 1973 வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறியவை. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தால் மூன்று மலேசிய வெள்ளிக்கு மேல் வருகிறது. அதற்கும் முன்னால், 1867 வரை, பினாங்கில் அதிகாரபூர்வமான பணம் நம் இந்திய ரூபாய்தான். அத்தான் அந்தப் பெருமையைச் சொல்லிப் பார்த்தார். விலை ஏறவில்லை.

எங்களோடு இறங்கிய ஒரு குடும்பம் கடை கடையாக விலை கேட்டுக்கொண்டு போனது. நூறு சிங்கப்பூர் வெள்ளி மாற்றும்போது விலையில் ஒரு காசு கூடுதலாகக் கிடைத்தால் லாபம் ஒரு மலேசிய வெள்ளி, அதாவது நம் இருபது ரூபாய். அதற்காக அரை மணி நேரத்தைக் கொடுத்தார்கள். இரண்டு மூன்று கடைப் பலகைகளை நடக்கிற போக்கில் பார்த்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி. கப்பல் பயணியிடம் பணத்தைவிட நேரம்தான் குறைவாக இருக்கிறது.

மாற்றும்போது சில்லறையாகக் கேட்டு வாங்கியதுதான் அன்று செய்த நல்ல காரியம். ஐம்பதை நீட்டினால் தெருக்கடைக்காரர் முகம் சுருங்கும். பொதுக் கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது நாணயம். ஒரு வெள்ளித் தாளும் ஐந்து வெள்ளித் தாளும் வழவழப்பான பிளாஸ்டிக். ஒன்றில் காற்றாடி, மற்றதில் இருவாச்சிப் பறவை. பத்து சிவப்பு, இருபது ஆரஞ்சு. ஒரு வெள்ளி நீலம், ஐம்பது நீலம் கலந்த பச்சை. வெளிச்சம் குறைந்த கடையில் எண்ணைப் பார்த்தே கொடுக்க வேண்டும்.

உள்ளூர்க்காரர்கள் தாளைத் தொடுவதே குறைவு. கொய்யாப்பழம் விற்கும் தள்ளுவண்டியில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது, கைபேசியைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நம் கைபேசியில் இருந்த செயலிகள் அங்கே வாய் திறக்கவில்லை. தெருக்கடைகளில் வங்கி அட்டையும் எடுப்பதில்லை. ஆக, ஊரே காசில்லாமல் நடக்கிறது என்று கேள்விப்பட்டு வெறுங்கையோடு இறங்குகிறவன் வெயிலில் தாகத்தோடு நிற்க வேண்டியதுதான்.

மதியம் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் காவடிபோல் தோளில் சுமந்து விற்ற சோறும் குழம்பும்தான் இன்று பினாங்கின் அடையாளம். இங்கே விலைப் பட்டியலைத் தேடக்கூடாது. தட்டில் சோறு வைத்து, நாம் கைகாட்டும் கோழியையோ கணவாயையோ வைத்து, நாலு குழம்பைக் கலந்து ஊற்றுகிறார்கள். பிறகு ஒருவர் தட்டை ஒரு பார்வை பார்த்துத் தொகையைச் சொல்கிறார். கோழியும் வெண்டைக்காயும் இருந்த என் தட்டைவிட அக்காவின் தட்டு இரண்டு மடங்குக்கு மேல். அத்தான் எட்டிப் பார்த்தார். பெரிய இறால் ஒன்று குழம்பில் பாதி முங்கிக் கிடந்தது. "எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்ல?" என்றார். "இறாலைப் பார்த்தப்புறம் என்ன கேள்வி?" என்று அக்கா சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கடலுணவுக்கு மட்டும் முன்னாலேயே விலை கேட்டுக்கொள்வது உள்ளூர்க்காரர்களும் செய்வதுதான், தப்பில்லை.

மூன்று சக்கர ரிக்‌ஷாவிலும் பேசி முடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும்: மணிக்கு எவ்வளவு, வண்டிக்கா ஆளுக்கா.

துணிக்கடையில் அட்டை எடுத்தார்கள். தேய்த்ததும் இயந்திரம், ரூபாயில் கட்டுகிறீர்களா, ரிங்கிட்டிலா என்று கேட்டது. ரூபாய் என்றால் நமக்குப் பழகிய தொகை தெரியும், மனசுக்கு இதமாக இருக்கும். அந்த இதத்துக்குத்தான் கட்டணம். ரூபாயைத் தொட்டால் மாற்று விலையைக் கடைக்காரர் தரப்பு நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்துப் போடும். ரிங்கிட்டைத் தொட்டால் விசாவோ மாஸ்டர்கார்டோ வைத்த விலை. அதன்மேல் நம் வங்கி தன் பங்குக்கு 3.5 சதவீதம் வரை போட்டு அதற்கு ஜிஎஸ்டியும் சேர்க்கும். அப்படியும் பெரும்பாலும் ரிங்கிட்தான் மலிவு. விற்பனைப் பெண் நமக்கு உதவுவதாக நினைத்து ரூபாயை அழுத்திவிடப் போகிறாள் என்று அத்தான் இயந்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

பேரங்காடியில் அவருக்கு வேறொரு சந்தேகம். ரசீதில் 12.48, அந்தப் பெண் எடுத்துக்கொண்டது 12.50. விசாரித்தால், ஒரு காசு நாணயத்தை வைத்து மல்லுக்கட்ட முடியாமல் 2008 ஏப்ரல் முதல் ரொக்கத்துக்கு மொத்தத் தொகையை ஐந்து காசு கணக்கில் சரிக்கட்டுகிறார்கள். 12.42 என்றால் 12.40 கொடுத்தால் போதும். "அப்படின்னா முதல்லயே 12.42 வர்ற மாதிரி எடுத்திருக்கலாம்" என்றார் அத்தான்.

கப்பலுக்குத் திரும்பும் வழியில் கையில் மிஞ்சியது பத்து வெள்ளித் தாள் ஒன்றும் கொஞ்சம் நாணயமும். தாளை மறுபடி மாற்றலாம். நாணயத்தைப் பணம் மாற்றும் கடைகளில் தொடமாட்டார்கள். ஊரில் பக்கத்து வீட்டு ஆச்சி வரை கேட்டிருந்தது கோடாலித் தைலம். ஒரு சின்னக் கடையில் அத்தனையையும் மேசைமேல் கொட்டினோம். கடைக்காரம்மாவுக்குச் சில்லறையைப் பார்த்ததும் சந்தோஷம், ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணினார். தைலம் போக ஐந்து காசு ஒன்று மீந்தது. அதற்கும் ஏதாவது வருமா என்று அத்தான் கேட்டார். அவர் ஜாடியைத் திறந்து ஒரு இஞ்சி மிட்டாயை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.