முன்பனியில் நெட்டோட்டம்

நெடுந்தொலைவு ஓடும் ஓட்டத்தை ‘நெடுவோட்டம்’ என யாம் எழுதிக் காட்டியபொழுது எம் தமிழாசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்து ‘நெட்டோட்டம்’ என்று திருத்தினார். நெடுமை என்னும் பண்பு உயிர்முதற் சொல்லோடு புணருங்கால் தன்னொற்று இரட்டும் என்பதை ஆனர்ஸ் வகுப்பு மாணவர் மறத்தல் தகுமோ என்றும் வினவினார். தகாதுதான். ஆயின் அச்சொல்லை எழுதிய நாளின் காலையில் யாம் பதினெட்டு மைல் ஓடிவிட்டு வந்திருந்தோம்; விதிகள் பல வழியிலேயே உதிர்ந்துபோயின.

இங்கு ‘யாம்’ என்பது பலரைக் குறித்ததன்று. ஓடியவன் ஒருவனே. ‘நான் ஓடினேன், நான் ஓடினேன்’ என்று பக்கந்தோறும் எழுத நாணமாயிருத்தலின் பன்மையில் ஒளிந்துகொள்கின்றோம். அன்பர்கள் பொறுத்தருள்க.

எம்மூர் வெம்பக்கோட்டை வட்டாரத்துத் தாயில்பட்டி. கரிசல் நிலம், வானம் பார்த்த பூமி. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்துவிட்டால் அம்மண்ணில் ஓடுதல் இயலாது. கரிசல் சேறு காலை விடாது. அடிதோறும் ஒட்டி ஒட்டி, நூறு கசம் செல்வதற்குள் ஓடுவோனைச் சாணளவு உயர்த்திவிடும். உயரம் வேண்டுவோர்க்கு அது நன்று. சித்திரை வந்தாலோ காலை ஏழு மணிக்கே தார்ச்சாலை கொதிக்கும். ஆகவே ஓடுவதற்கென எமக்கு எஞ்சுவது மார்கழியும் தையுமாகிய முன்பனிப் பருவமே. தொல்காப்பியர் முன்பனியைக் குறிஞ்சிக்கு உரியதாக்கினார். எம்மூரைப் பாலையென்பதன்றி வேறெவ்வாறு கூறுவது? ஆயினும் மார்கழிப் பனி இலக்கணம் நோக்காது எம்மூரிலும் பெய்கின்றது.

பனிக்கும் ஓட்டத்திற்கும் உள்ள உறவு கற்பனையன்று. ஓடுவோன் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய முக்காற்பங்கு வெறும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. அவ்வெப்பத்தை வியர்வையும் காற்றும் கொண்டுசெல்லாவிடில் உடல் அடுப்பாகிவிடும். 1904-இல் செயின்ட் லூயி நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தில், கொடும் வெயிலிலும் புழுதியிலும் புறப்பட்ட 32 பேருள் 14 பேரே முடிவெல்லை கண்டனர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் வெயிலுக்கு அஞ்சி இவ்வோட்டத்தை வடக்கேயுள்ள சப்போரோ நகருக்கு மாற்றினர். குளிர் நாடி லடாக்கிற்கே சென்றவர்களும் உளர். 2023 பெப்ரவரியில் உறைந்த பாங்காங் ஏரியின் பனிக்கட்டிமேல் 21 கிலோமீட்டர் ஓடினர். எமக்கு அத்துணைக் குளிர் வேண்டா. விடியற்காலையில் இருபது பாகை போதும்.

2023-ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு நாள், வைகறை ஐந்து மணிக்கு, முதன்முறையாக எம் தெருவில் ஓடத் தொடங்கினோம். பத்து வீடு கடந்திருப்போம். ஒரு கதவு திறந்தது. எம் உறவினரல்லராயினும் யாம் ‘ஆச்சி’ என்று அழைக்கும் மூதாட்டி ஒருவர் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு வாயிலில் நின்றார்.

“யய்யா, எந்த ஆபீசுய்யா?”

எம் வட்டாரத்தில் பட்டாசு ஆலையையும் தீப்பெட்டி ஆலையையும் ‘ஆபீசு’ என்றே வழங்குவர். அவ்வினாவின் பொருள் உடனே விளங்கிற்று. விளங்கியதும் கால்கள் தாமே நின்றன. அதற்குள் எதிர்வீட்டிலும் விளக்கெரிந்தது. எவரோ ஒருவர் மாடியேறிப் புகை தெரிகின்றதா என நாற்றிசையும் நோக்கினார். “ஒன்றுமில்லை ஆச்சி, சும்மா ஓடினேன்” என்றோம். “சும்மாவா?” என்று அவர் எம்மை நெடுநேரம் நோக்கினார். அந்நோக்கில் சினமில்லை. அது எமக்கு வசையினும் கொடிதாயிருந்தது.

எம்மூரில் எவரும் சும்மா ஓடுவதில்லை. ஒருவன் ஓடினால் எங்கோ வெடித்திருக்கின்றது என்று பொருள். மருந்து கலக்கும் அறையின் அமைப்பைக் கண்டவர்க்கு இது புதிதன்று. அறையொன்றில் நால்வருக்கு மேல் இருத்தல் ஆகாது. இரும்புக் கருவி கூடாது. கதவுகள் வெளிப்புறமாகவே திறத்தல் வேண்டும். உள்ளிருப்போர் ஓடுவதற்கென்றே கட்டப்பட்ட கட்டடம் உலகில் வேறு எத்தொழிலுக்கு உண்டோ அறியோம். அவ்வாறிருந்தும் எல்லாரும் ஓடித் தப்புவதில்லை. 2012 செப்டெம்பர் 5-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பலர் ஆலையில் வேலை செய்தவரல்லர். ஓசை கேட்டு அப்பக்கம் ஓடிச் சென்றவர்கள்.

அன்று மாலை எம் தந்தையார் எம்மை அழைத்தார். அவர் மருந்தறையில் வேலை பார்த்தவர். யாம் தொடக்கப்பள்ளியில் பயின்ற காலத்தில் ஒரு பங்குனி நாளில் அவ்வறை தீப்பற்றிற்று. ஒரு கதவருகே எந்தையாரும், எதிர்க்கதவருகே அவர் நண்பரும் அமர்ந்திருந்தனர். எந்தையார் ஓடினார், முன்கைகள் இரண்டும் வெந்தன. நண்பர் எழுந்திருக்கையில் கால் இடறிற்று என்பர். அந்நண்பரின் தாயாரே அவ்வாச்சி. இச்செய்தியை யாம் பலர் வாயிலாகத் துண்டுதுண்டாகக் கேட்டதுண்டு; எந்தையார் சொல்லிக் கேட்டதில்லை. அவர் அதன்பின் விரைந்து நடந்தும் கண்டதில்லை. பேருந்து புறப்பட்டுவிட்டாலும் அடுத்ததற்குக் காத்திருப்பார்.

“ஊருக்குள்ள ஓடாதய்யா. ஓடணும்னா ஓடைப்பாலம் தாண்டி ஓடு” என்றார். அவ்வளவே.

அது முதல் வீட்டிலிருந்து பாலம் வரை நடப்பதும், பாலத்திற்கப்பால் ஓடுவதும், திரும்புங்கால் பாலத்தில் ஓட்டத்தை நிறுத்தி நடந்தே வீடு சேர்வதும் எம் வழக்கமாயின. தீபாவளிக்குப் பின் ஆலைகள் சில வாரம் மூடிக்கிடத்தலின் அப்பருவத்தில் சாலையில் வேன்கள் மிகுதியில்லை. நெடுந்தொலைவு ஓடும் நாளில் வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளம் வரை செல்வோம். 2022 முதல் தொல்லியல் துறையினர் அங்கு மேட்டை அகழ்ந்து சங்கு வளையல்களையும் சுடுமண் பொம்மைகளையும் எடுத்தனர். நீர் அருந்தும் சாக்கில் அங்கு நின்று இளைப்பாறியதை ஆராய்ச்சி என்றே வீட்டில் கூறினோம்.

மாரத்தான் ஓட்டத்தின் வரலாற்றைக் கல்லூரி நூலகத்தில் தேடிப் படித்தது இக்காலத்திலேதான். மாரத்தான் போர்க்களத்தினின்று ஏதென்ஸ் நகர்க்கு வெற்றிச் செய்தியை ஓடிக் கொணர்ந்து, சொல்லியவுடன் உயிர்விட்டான் ஒரு தூதன் என்பது கதை. எரொடோட்டசு என்னும் பழைய வரலாற்றாசிரியர் இதனைக் கூறவில்லை. அவர் கூறுவது ஸ்பார்ட்டாவுக்கு ஓடி உதவி வேண்டிய ஓட்டம். 1896-இல் ஏதென்ஸில் இக்கதையையொட்டிப் பந்தயம் வைத்தபொழுது கிரேக்கராகிய ஸ்பிரிடான் லூயிஸ் வென்றார். 1908 இலண்டன் பந்தயத்தில் ஓடிய 42.195 கிலோமீட்டரே 1921 முதல் நிலைத்த தொலைவாயிற்று. கதை மெய்யோ பொய்யோ, ஓடுவோனைக் கண்டதும் ‘என்ன செய்தி?’ என்று கேட்டல் ஆச்சிக்கு மட்டும் உரிய இயல்பன்று என்றறிந்து ஒருவாறு ஆறுதலுற்றோம்.

நம் நாட்டவரைப் பற்றியும் ஒரு சொல். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கிலேயே சௌகுலே என்பார் இந்தியாவின் சார்பில் இவ்வோட்டம் ஓடி 19-ஆம் இடம் பெற்றார். பிகாரில் பிறந்து படையில் பணியாற்றிய சிவநாத் சிங் 1976-இல் மாண்ட்ரியாலில் 11-ஆம் இடம் பெற்றார். காலணியின்றி ஓடும் வழக்கமுடையவர். 1978-இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் இந்தியரால் முந்தப்படாது நின்றது. அவர் பாதங்களைப் பற்றிச் சொன்னபொழுது, ஆலையில் வெறுங்காலோடு வேலை செய்து பழகிய எந்தையார் முதன்முறையாக எம் ஓட்டப்பேச்சுக்குச் செவிகொடுத்தார்.

2024 ஜனவரியில் சென்னையில் பத்துக் கிலோமீட்டர் ஓடிப் பார்த்தோம். 2025 ஜனவரி 5-ஆம் நாள் முழு மாரத்தான் ஓடத் துணிந்தோம். அந்நாள் ஞாயிறு. ஓய்வுநாளில் ஓடுவதா என்று எம் அன்னையார் வருந்தினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிறன்று ஓட மறுத்து நூறு மீட்டரைக் கைவிட்டு, நானூறு மீட்டரில் பொற்பதக்கம் பெற்று, பின்னர் சீனாவில் மிஷன் பணியாற்றி 1945-இல் தடுப்பு முகாமில் மாண்ட எரிக் லிடலின் வரலாற்றை அவருக்கு முன்னமே சொல்லி வைத்தவர் யாமே. எம் கதையே எமக்குப் பகையாயிற்று. மாலை ஆராதனைக்குத் தவறாது செல்வோம் என்று வாக்களித்து விடைபெற்றோம். சென்றோம்; முழங்காற்படியிட்டோம்; எழுந்திருக்க இருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று.

நேப்பியர் பாலத்தருகே இருளிலேயே ஓட்டம் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே புறப்பட்ட காலடியோசை எமக்கு முதலில் அச்சமே தந்தது. பின்னர்க் கடற்கரையின் உப்புக்காற்று; சென்னையின் முன்பனி எம்மூர்ப் பனியன்று, ஈரத்துணி போர்த்தது போன்றது. புகாரை நீங்கிய கண்ணகி சிறிது தொலைவு நடந்ததுமே மதுரை எங்குள்ளது என்று கேட்டாளாம். கோவலன் முப்பது காதத்தையும் அண்மைபோலச் சொல்லி நகைத்தானாம். மூன்றாம் கிலோமீட்டரில் யாமும் அவ்வினாவையே கேட்டோம். விடை சொல்லக் கோவலன் இல்லை.

வழியெங்கும் எமக்கு வியப்பளித்தது ஒன்று. சாலையோரத்து மக்கள் ஓடுவோரைப் பார்த்துக் கைதட்டினர். குழந்தைகள் கை நீட்டி எம் கையைத் தொட்டனர். ஒருவர் ஓடுவதைக் கண்டு பிறர் மகிழ்தலை அதுகாறும் யாம் நேரிற் கண்டதில்லை. முந்தைய ஆண்டு பத்துக் கிலோமீட்டர் ஓடியபொழுது மூச்சு வாங்குவதிலேயே கருத்திருந்தமையின் இதனைக் கவனிக்கவில்லை போலும்.

முப்பத்திரண்டாம் கிலோமீட்டருக்குப் பின் நேர்ந்ததை விரித்தல் வேண்டா. உடலிற் சேமித்த சர்க்கரை தீர்ந்துவிடும் இடம் அது. தொடைகள் மரமாயின. வாழைப்பழமும் உப்பும் தந்தனர், உண்டும் பயனில்லை. நடந்தோம். நடக்கவும் மாட்டாது ஒரு விளக்குக் கம்பத்தைப் பற்றி நின்றோம். அப்பொழுது அருகிருந்த தெருவொன்றில் யாரோ சிறுவர் புத்தாண்டுக்கு வாங்கி மிஞ்சிய வெடிகளைக் கொளுத்தினர். முதல் வெடி கேட்டதும் எம் கால்கள் எம்மைக் கேளாமலே ஓடின. உள்ளம் வெடியென்று உணருமுன் உடல் இருபது கசம் கடந்திருந்தது. அருகே வந்த முதியவர் ஒருவர், “சபாஷ், இன்னும் தெம்பு இருக்கே!” என்றார். அது தெம்பன்று என்று அவருக்கு எங்ஙனம் விளக்குவது? அவ்வெடியின் காகிதக் குழல் எம் அன்னையார் சுற்றியதாகவும் இருக்கலாம் என்றெண்ணினோம். முன்னர்ச் சரம் பின்னியவர் அவர்; 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடுத்த பின்னர்க் குழல் சுற்றுகிறார். எண்ணிக்கொண்டே ஓடினோம். ஓட்டம் நிற்கவில்லை. 4 மணி 52 நிமிடத்தில் முடித்தோம்.

பொதிகை விரைவுவண்டியில் சிவகாசி சேர்ந்து, பேருந்தேறித் தாயில்பட்டியில் இறங்கியபொழுது படியிறங்கவே பக்கவாட்டில் இறங்க வேண்டியிருந்தது. தெருவில் எறும்புபோல் ஊர்ந்து வந்த எம்மைக் கண்டு ஆச்சி, “மெதுவாத்தான் வாறே, நல்லது” என்றார். பதக்கத்தைக் காட்டினோம். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எதுக்குக் குடுத்தாங்க?” என்றார். “ஓடினதுக்கு, ஆச்சி.” அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதக்கத்தைத் திருப்பியும் தரவில்லை. உள்ளே கொண்டுசென்று தம் மகன் படத்தருகே ஆணியில் மாட்டினார். அதனைக் கேட்டுப் பெற எமக்கு நா எழவில்லை. வீட்டிற் சொன்னபொழுது எந்தையார் சற்று நேரம் தம் முன்கைகளைப் பார்த்திருந்தார். பின்பு, “அங்கேயே இருக்கட்டும்” என்றார்.

அதற்கடுத்த மார்கழியிலும் ஓடினோம். இம்முறை எந்தையாரும் வைகறையில் எழுந்து பாலம் வரை உடன் நடந்து வந்தார். ஒன்றும் பேசமாட்டார். பாலம் வந்ததும் துண்டை வாங்கிக்கொண்டு, “சரி, இனி ஓடு” என்பார். ஆச்சியும் கதவைத் திறப்பார். எந்த ஆபீசு என்று கேட்பதில்லை.

“இன்னைக்கு எம்புட்டுத் தூரம்யா?”

“பத்து மைல், ஆச்சி.”

“வேனு வரும். ஓரமாப் போ.”