தளர விடு மாமா

என் வலது முழங்காலுக்கு ஒரு டாக்டர் 'கிரேட் 2' என்று எழுதிக்கொடுத்தார்.

திருவொற்றியூரில் ஒரு பள்ளி மைதானம், ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால். பந்தோடு திரும்பும்போது பாதம் மண்ணிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது ஏ.சி.எல். அறுந்திருந்தது. தொடை எலும்புக்குக் கீழே இருக்கும் கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் தசைநார் அது. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளம்தான்.

"கிரேட் 2ன்னா எவ்ளோ சார்? மில்லிமீட்டர்ல?"

டாக்டர் சிரித்தார். "அது என் கைக்குத் தெரியும் தம்பி."

கோடு எழுதிப் பிழைப்பவனுக்கு இந்தப் பதில் எப்படிப் போதும்? காலை நீட்டிப் போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் படித்தேன். அவர் செய்தது லாக்மன் சோதனை. முழங்காலை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, இன்னொரு கையால் கீழ்க்காலை முன்னால் இழுப்பது. ஜோசப் டார்க் என்பவர் 1976இல் எழுதி, தன் ஆசிரியர் ஜான் லாக்மன் பெயரை அதற்கு வைத்தார். 1980களில் கேடி-1000 என்ற கருவி வந்தது. காலில் கட்டி, 134 நியூட்டன் விசையில் இழுத்தால் எத்தனை மில்லிமீட்டர் நழுவுகிறது என்று டயல் காட்டும். ஆனால் அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. சிலருக்குப் பிறவியிலேயே மூட்டு நெகிழ்வு அதிகம். அதனால் நல்ல காலையும் அளந்து கழிக்க வேண்டும். வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம். உன் காலுக்கு அளவுகோல் உன் இன்னொரு கால்தான்.

அதிலும் ஒரு ஓட்டை. மைதானத்தில் கால் நேராக முன்னால் நழுவி யாரும் விழுவதில்லை; திரும்பும்போது முறுக்கிக்கொண்டு நழுவுகிறது. அதைப் பார்ப்பது பிவட் ஷிஃப்ட் சோதனை. காலை உள்பக்கமாகத் திருப்பி மெல்ல மடக்கினால், நழுவிய எலும்பு சட்டென்று இடத்துக்குத் திரும்பும். அந்த 'சட்'டைத்தான் கம்ப்யூட்டரால் அளக்கப் பார்க்கிறார்கள். ஆபரேஷன் மேசையில் எலும்பில் குறிகள் பொருத்தி அகச்சிவப்பு கேமராவால் பின்தொடர்கிறார்கள். காலில் சென்சார் கட்டி முடுக்கத்தைப் பதிகிறார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு ஒன்று தோலில் மூன்று ஸ்டிக்கர் ஒட்டி, டேப்லெட் கேமராவிலேயே அளந்தது. படிக்கப் படிக்க எனக்குக் குஷி. ஆனால் காலை மடக்குவது இன்னும் மனிதக் கைதான். கைக்குக் கை விசை மாறும். இன்புட் மாறினால் அவுட்புட்டும் மாறும்.

ஆபரேஷன் நாள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் என் காலை மடக்கிப் பார்த்த டாக்டர், "கிரேட் 3" என்றார்.

காலுக்கு ஒன்றும் புதிதாக ஆகிவிடவில்லை. விழித்திருக்கும்போது, வலிக்குமோ என்ற பயத்தில் தொடையின் பின்தசை தானாக இறுகி எலும்பைப் பின்னால் பிடித்துக்கொள்கிறதாம். பயம் போனால்தான் முழு ஆட்டமும் தெரியும். அந்த 'நடுத்தர'த்தில் என் பயமும் கலந்திருந்தது.

வீட்டுக்கு வந்த மறுவாரம் மாமா பார்க்க வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். என் கட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதே மாரிதான்டா, 'டப்'புன்னுச்சு" என்றார். 1998இல் லாரிப் பலகையில் வழுக்கியது. சுளுக்கு என்று சொல்லிக் கட்டுப் போட்டார்கள். மூன்றாம் வாரம் மூட்டை தூக்கப் போய்விட்டார். கால் ஆடுகிறது என்று மேஸ்திரியிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் வேலை இருக்காது.

"படு மாமா, பாக்கறேன்."

லேப்டாப்பை எடுத்து வைத்துவிட்டு, அவர் இடது காலை மடக்கிப் பிடித்தேன். தொடை கல் மாதிரி இருந்தது.

"தளர விடு மாமா."

"வுட்டுட்டேன்டா."

விடவில்லை. மூன்று தடவை சொல்லியும் தசை இளகவில்லை.

"வுட்டா போய்டும்டா. இத்தினி வருஷமா புட்சினே இருக்கேன்."

சரி, ஒப்பிட்டுப் பார்க்க வலது காலைத் தொட்டேன். "ஐயோ, அதத் தொடாத. அதான் இப்ப ரொம்ப வலி" என்றார். இடது காலுக்கும் சேர்த்து இத்தனை வருஷம் பாரம் தாங்கிய கால். கழித்துப் பார்க்க அவருக்கு ஒரு நல்ல கால் மிச்சமில்லை.

திங்கட்கிழமை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். எதுக்குடா இப்போ என்று முதலில் மறுத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்:

"அங்க மிஷின் வெச்சிப் பாப்பாங்களா?"

"மொதல்ல கையாலதான் பாப்பாங்க மாமா. நீ கொஞ்சம் தளர விட்டாப் போதும்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.