அத்தை போட்ட மார்க்கு

புடவைக் கடையில் கரையையும் முந்தானையையும் பார்த்து மனத்துக்குள் மதிப்பெண் போடும் சகோதரிகளே, கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்கு எப்போதாவது மதிப்பெண் போட்டதுண்டா? நான் போட்டேன். என் அத்தையும் போட்டார். யாருடைய கணக்குச் சரி என்று நீங்களே சொல்லுங்கள்.

அத்தைக்குச் செஞ்சிப் பக்கம் தளவானூர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குன்றைக் குடைந்து சத்ருமல்லேசுவரம் என்ற கோயிலை எடுத்தானே, அந்த ஊர்தான். 'சத்ருமல்லன்' அவனுடைய விருதுப் பெயர். பகைவர்களுக்கு மல்லன் என்று பொருள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

அத்தையும் காலஞ்சென்ற மாமாவும் வானொலிக் கிரிக்கெட் ரசிகர்கள். சேப்பாக்கத்தை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று மாமா சொல்லிக்கொண்டே இருப்பார், பார்க்காமலே போய்விட்டார். ஆகவே 2024 செப்டம்பர் 19ஆம் தேதி, இந்தியாவும் வங்காள தேசமும் ஆடிய டெஸ்டின் முதல் நாள், அத்தையை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்!

முதலில், போகும் வழி. மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கத்தில் இறங்கி நடந்துவிடலாம். டெஸ்டுக்குப் போனால் பொழுது சாயும் வேளையில் வீடு திரும்பலாம் என்பது பெண்களுக்கு இன்னொரு சௌகரியம். இரவு ஆட்டமென்றால் கடைசி ரயில் எப்போது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். இதற்கு ஒன்பது. ஆட்டம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்ததற்கு ஒன்பது. காற்றுக்கு ஏழு, குறைந்த மூன்றும் காலை வெயிலின் கணக்கு. மாலையில் கடற்காற்று வந்து சமாதானம் பேசிற்று. பழம்பெருமைக்குப் பத்துக்குப் பத்து. 1916இல் அமைந்த மைதானம். 1934இல் இங்கே முதல் டெஸ்ட் நடந்தது. 1952இல் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இங்கேதான். ஆக, நாற்பதுக்கு முப்பத்தைந்து.

"ஜனங்களுக்கு மார்க்கு போடலையே, கண்ணு?" என்றார் அத்தை.

அந்தச் சமயம் ஹசன் மஹ்மூதின் பந்தில் விராட் கோலி அவுட்! ரோஹித், கில் இருவரையும் முன்பே அனுப்பியவரும் அவர்தான். 34 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். எங்களைச் சுற்றி ஒரே நிசப்தம். அத்தை மட்டும் கை தட்டினார்.

பக்கத்து இருக்கை இளைஞர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அம்மா, அவுட் ஆனது நம்ம ஆளு!"

"தெரியும் தம்பி. பந்து நல்லா இருந்துச்சே!"

பிறகு அத்தை அவருக்கு ஒரு கதை சொன்னார். 1999 ஜனவரியில் இதே மைதானத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட். வெற்றிக்கு 271 தேவை. டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. வானொலியில் கைதட்டல் கேட்டதும், "ஜெயிச்சுட்டோம்!" என்று அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தாராம். "தோத்துட்டோம். ஜெயிச்சவங்களுக்குத்தான் ஜனங்க எழுந்து நின்னு கை தட்டுறாங்க" என்றாராம் மாமா. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தை வலம் வந்த நாள் அது. "அப்படிப்பட்ட ஜனங்களோட ஒரு நாள் உட்காரணும்னு அன்னிக்குத்தான் அவருக்கு ஆசை வந்துச்சு" என்று முடித்தார் அத்தை.

சத்ருமல்லனின் ஊர்க்காரர், எதிரிக்குக் கை தட்டக் கற்றது இப்படித்தான்!

அடுத்து ரிஷப் பந்த்தையும் ஹசன் மஹ்மூதே வீழ்த்தினார். இளைஞர் அத்தையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார்.

மாலையில், 144க்கு 6 என்று தள்ளாடிய இந்தியாவை அசுவினும் ஜடேஜாவும் 339 வரை கொண்டுவந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளை அசுவின் சதமடித்தபோது அத்தையும் எழுந்து நின்று கை சிவக்கத் தட்டினார்.

ரயிலில் கேட்டேன்: "ஜனங்களுக்கு எத்தனை, அத்தை?"

"ஒன்பது."

"ஒன்று ஏன் குறைந்தது?"

"அந்தத் தம்பி கோலி அவுட்டானப்பவே தட்டியிருக்க வேண்டாமா?"